பிட் அடித்த பிள்ளையிடம் 'ஏன்?' என்று கேட்டீர்களா?

வட்டக்கோட்டையில் சாயங்காலக் காற்று லேசுப்பட்டது இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டுதான் மதில் மேல் ஏற வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பு, தூரத்தில் மலை. கன்னியாகுமரிக்கு வருகிற டூரிஸ்ட்டுகளில் பாதிப் பேர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எங்களுக்கு அதுவும் நல்லதாகப் போச்சு. டாக்டர் நடக்கச் சொன்ன நாளில் இருந்து வாரத்தில் நாலு நாள், கோட்டையை அடைக்கிற நேரம் வரை நான் அங்கேதான்.

போன அரையாண்டுத் தேர்வு சமயம். பத்தாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் மதிலில் உட்கார்ந்து குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கையில் செல்போன் இல்லை, அரட்டை இல்லை. 'அடடா, இந்தக் காலத்திலும் இப்படிப் பிள்ளைகளா!' என்று நான் பூரித்துப் போய் நிற்கையில், காற்று ஒரு துண்டுக் காகிதத்தைப் பறித்து வந்து என் செருப்பில் ஒட்டியது.

விரல் அகலக் காகிதம். அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியை மாட்டிப் பார்த்தால் உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம்... அளவியல் பாடத்தின் சூத்திரம் அத்தனையும் அந்தத் துண்டில்! முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குப் பிட்டைத் தெரியாதா?

ஒரு பையன் ஓடி வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். முகம் வெளுத்துப் போச்சு.

"டீச்சர்... அது சும்மா..."

"சும்மாவா? சரி, கூம்புக்கு கன அளவு என்ன, சொல்லு பாப்போம்."

"ஒன் பை த்ரீ பை ஆர் ஸ்கொயர் எச்." பட்டென்று வந்தது.

"கோளத்துக்கு?"

"ஃபோர் பை த்ரீ பை ஆர் கியூப்."

இடைக்கண்டத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினான். ஆனாலும் சரியாகவே சொன்னான்.

"எல்லாம் தெரியுதே மக்களே! பின்ன எதுக்கு இது?"

"தெரியும் டீச்சர். ஆனா ஹால்ல போய் உக்காந்தா மறந்து போவுது. பாக்கெட்டுல இது கெடக்குன்னா ஒரு தைரியம்."

"போன பரீச்சையிலயும் கொண்டு போனியா?"

"ஆமா டீச்சர். எடுக்கவே இல்ல. சும்மா தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சின்ன வயசில் என் பாட்டி இடுப்பில் கட்டிவிட்ட தாயத்துதான் ஞாபகம் வந்தது. இந்தப் பையன் செய்திருப்பது தப்புத்தான். ஆனால் அவன் எழுதியிருந்தது பிட் இல்லை, தாயத்து!

காய்ச்சலுக்கு ஒரே மருந்தா?

முப்பது வருஷமும் பரீட்சை ஹாலில் நான் ஒரு போலீஸ்காரியாகத்தான் நடந்திருக்கிறேன். பிட் அடிக்கிறவன் திருடன், பிடித்தால் தண்டனை. அவ்வளவுதான் என் மனோதத்துவம். ரிடையர் ஆன பிறகு கொஞ்சம் படித்து, கொஞ்சம் யோசித்து, சில பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியதில் என் எண்ணம் மாறிவிட்டது.

காப்பி அடிப்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் ஒரு வியாதி இல்லை, உள்ளே ஏதோ கோளாறு என்பதற்கு அடையாளம். சளியாக இருக்கலாம், டைபாய்டாக இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். டாக்டர் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாத்திரை கொடுத்தால் நாம் ஒத்துக்கொள்வோமா? பிட் விஷயத்தில் மட்டும் ஒரே மாத்திரை: அடி, திட்டு, அவமானம்.

அன்றைக்கு மதிலில் இருந்த மூன்று பையன்களுக்கும் மூன்று விதமான காய்ச்சல்.

முதல் பையனுக்குப் பயம். 'படிச்சது மறந்து போச்சு' என்று பிள்ளை சொன்னால் நாம் நம்புவதில்லை, சாக்கு என்கிறோம். அது பெரும்பாலும் நிஜம். கணக்குப் போடும்போது எண்களையும் சூத்திரத்தையும் அந்த நேரத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்ள மூளையில் ஒரு சின்ன மேஜை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேஜையில் இடம் கொஞ்சம்தான். 'குறைஞ்சா என்ன ஆகும், அப்பா என்ன சொல்லுவாவ, மாமா பையன் 480 வாங்கினானே...' என்ற கவலைகள் வந்து அதில் உட்கார்ந்தால் சூத்திரத்துக்கு இடம் ஏது? நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், வயிறு கலக்கும். ஹாலை விட்டு வெளியே வந்ததும், கவலை இறங்கியதும், பதில் தானாக ஞாபகம் வரும். உங்களுக்கும் எனக்கும் இந்த அனுபவம் உண்டுதானே!

இதில் தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. 13 வயதில் இருந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ராத்திரி 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவ நிபுணர்கள் சொல்கிறார்கள். பகலில் படித்தது மனதில் படிவதே அந்தத் தூக்கத்தில்தான். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? காலை அஞ்சு மணிக்கு டியூஷன், ராத்திரி பதினொரு மணிக்கு 'இன்னொரு பாடம் படிச்சிட்டுப் படு'. தூங்காத பிள்ளைக்கு மறக்கும். மறக்கிற பிள்ளைக்குப் பயம் வரும். பயந்த பிள்ளை தாயத்துத் தேடும்.

வாய் திறக்காத பையன்

இரண்டாவது பையன் பேசவே இல்லை. பக்கத்தில் இருந்தவன்தான் சொன்னான்: "இவனுக்கு வாசிக்கவே வராது டீச்சர். பாத்துப் பாத்து எழுதுவான், அவ்வளவுதான்."

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் கொம்பு இடம் மாறியிருந்தது, சில இடத்தில் புள்ளி இல்லை, நீளமான வார்த்தைகளில் நடு எழுத்தைக் காணோம். பத்து வருஷமாக இந்தப் பையன் கரும்பலகையைப் பார்த்தும் பக்கத்து நோட்டைப் பார்த்தும் எழுதியே வகுப்பு மாறி வந்திருக்கிறான். அவனுக்குக் காப்பி அடிப்பது ஏமாற்று இல்லை, பிழைக்கிற வழி.

டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். கண் பார்வைக் கோளாறாகவும் இருக்கலாம். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே காலம் தள்ளிய பிள்ளைகளை, கண்ணாடி போட்டதும் கணக்கில் மேலே வந்த பிள்ளைகளை, நானே பார்த்திருக்கிறேன். புத்தி குறைவு என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குப் புத்தி சரியாகவே இருக்கும், எழுத்தோடுதான் தகராறு.

நிறையப் பெற்றோருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. டிஸ்லெக்சியா என்று மருத்துவச் சான்றிதழ் இருந்தால் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்விலேயே சலுகை உண்டு. ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு என்று கேட்டுப் பெறலாம். பள்ளிக்கூடம் மூலமாகத் தேர்வுத் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மார்ச் மாசத்தில் போய் நின்றால் நடக்காது. எட்டாம் வகுப்பிலேயே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது பையன் கெட்டிக்காரன். கண்ணில் பயமே இல்லை.

"எல்லாரும் செய்யுதாவ டீச்சர். நாம மட்டும் செய்யாம இருந்தா நமக்குத்தான நட்டம்?"

இவனை விட்டுவிட்டு மற்ற இரண்டு பேருக்காக மட்டும் பரிதாபப்பட்டால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். பயமும் இல்லை, கஷ்டமும் இல்லை, சும்மா சுலபமாக இருக்கிறது என்று காப்பி அடிக்கிற பிள்ளைகளும் உண்டு. அமெரிக்காவில் டொனால்ட் மெக்கேப் என்ற பேராசிரியர் 1990-களிலும் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் இதைப் பற்றி விசாரித்தார். ஒரு மாணவன் ஏமாற்றுவானா மாட்டானா என்பதை எதையும்விட அதிகமாகக் காட்டிக் கொடுத்தது, கூட இருக்கிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அவன் நினைப்பதுதான்.

அதற்கும் முன்னால், 1957-ல், சைக்ஸ், மாட்சா என்ற இரண்டு அமெரிக்கர்கள் தப்புச் செய்கிற இளவட்டங்கள் தங்கள் மனசாட்சியை எப்படிச் சமாதானப்படுத்துகிறார்கள் என்று எழுதினார்கள். நம்ம பையன்கள் வாயில் அது எப்படி வரும் தெரியுமா? 'ஸார் ஒழுங்கா நடத்தல்ல.' 'இதனால யாருக்கு நட்டம்?' 'ஃபிரண்டுக்குக் காட்டலேன்னா துரோகம்.' 'அவங்க மட்டும் ரொம்ப யோக்கியமா?'

கடைசிக் கேள்விதான் நமக்குச் சுருக்கென்று படவேண்டியது. பன்னிரண்டு வயசு முடிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கண்டக்டரிடம் 'அரை டிக்கெட்' கேட்டது யார்? கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு 'காய்ச்சல்' என்று லீவு லெட்டர் எழுதியது யார்? கொரோனா சமயத்தில் 2020, 2021-ல் வீட்டில் இருந்தே ஆன்லைன் பரீட்சை நடந்ததே, அப்போது கேமராவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்லிக் கொடுத்த அம்மாக்கள் எத்தனை பேர்! சயின்ஸ் புராஜெக்ட்டைக் கடையில் செய்து வாங்கிக் கொடுக்காத அப்பா எத்தனை பேர்!

சில நேரம் பள்ளிக்கூடமே காலால் சமிக்ஞை காட்டும். காந்திஜி தன் சுயசரிதையில் சொல்லியிருக்கும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராஜ்கோட் ஹைஸ்கூலில் முதல் வருஷம். ஜைல்ஸ் என்ற இன்ஸ்பெக்டர் வந்து ஐந்து வார்த்தைகள் எழுதச் சொல்கிறார். 'கெட்டில்' என்ற வார்த்தையைச் சிறுவன் மோகன்தாஸ் தப்பாக எழுதுகிறான். வாத்தியார் பூட்ஸ் நுனியால் இடித்து, பக்கத்துப் பையன் சிலேட்டைப் பார் என்று ஜாடை காட்டுகிறார். அவன் பார்க்கவில்லை. எல்லாரும் அந்தச் சிறுவனின் நேர்மையைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த வாத்தியாரின் காலைப் பற்றித்தான் கவலை! தன் வகுப்பு முழுசும் சரியாக எழுதினதாக இன்ஸ்பெக்டருக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு பயம். 'நூறு சதவீத ரிசல்ட்' என்று ஃபிளெக்ஸ் போர்டு வைக்கிற இன்றைய பள்ளிக்கூடங்களுக்கும் அதே பயம். தமிழ்நாட்டில் 2017-ல் இருந்து பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. நல்ல காரியம். ஆனால் வீட்டுக்குள் ரேங்க் போடுகிறோமே, அதை யார் நிறுத்துவது?

2015 மார்ச்சில் பீகாரில் வைசாலி மாவட்டத்தில் எடுத்த ஒரு போட்டோ உலகம் முழுசும் சுற்றியது. பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கிற மாடிக் கட்டிடத்தின் சுவரில் பல்லி மாதிரி ஆட்கள் தொற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பிட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏறியவர்கள் பிள்ளைகள் இல்லை, பெற்றோரும் உறவுக்காரர்களும். 'அது பீகார்' என்று நாம் சிரித்தோம். 2019 செப்டம்பரில் நம்ம தேனி மருத்துவக் கல்லூரியில் நீட் ஆள்மாறாட்டம் வெளியே வந்தது. பையனுக்குப் பதில் வேறு ஒருவர் பரீட்சை எழுதியதாக வழக்கு. பையனோடு சேர்த்து அப்பாவையும் கைது செய்தார்கள். அந்த அப்பா ஒரு டாக்டர்! படிக்காதவர்கள் செய்கிற காரியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

எங்கள் குமரி மாவட்டம் 2011 சென்ஸஸ்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 91.75 சதவீதம். எங்களுக்கு அதில் பெருமை உண்டு. வயல் இருக்கிறதோ இல்லையோ, பிள்ளை படிப்புத்தான் சொத்து. வளைகுடாவில் வெயிலில் நிற்கிற அப்பா, வீடியோ காலில் கேட்கிற முதல் கேள்வி 'மார்க் என்னாச்சு?' என்பதுதான். அவர் மீது குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்குப் பிள்ளையோடு பேச வேறு விஷயம் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே வளருகிற பிள்ளை, அப்பாவுக்கு என்னைவிட என் மார்க்தான் வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறது.

வடசேரி பஸ் ஸ்டாண்டில்...

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பெண். திருப்புதல் தேர்வில் அவள் ஜாமெட்ரி பாக்ஸில் மடித்த காகிதம். கண்டுபிடித்தவள் நான். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... நம்பின பிள்ளை இப்படிச் செய்துவிட்டாளே என்று. நேராகக் கொண்டுபோய் ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையில் வைத்தேன். மறுநாள் பிரேயரில் எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்தார்கள். அவள் அப்பா வந்தார். ஆபீஸ் வாசலில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கன்னத்தில் ஒரு அறை.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. பொதுத்தேர்வை எழுதினாள், பாஸானாள். அப்புறம் மேலே படிக்கவில்லை, கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நாலு வருஷம் முன்பு வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் வந்து கையைப் பிடித்தாள். இடுப்பில் குழந்தை. எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆச்சு. நலம் விசாரித்தோம். நான்தான் பழசை எடுத்தேன். 'அன்னைக்கு அப்படி ஆகிப் போச்சே மக்களே' என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "ஒரு தடவை நான் ரெண்டாவதா வந்ததுக்கு அப்பா மூணு நாள் எங்கிட்ட பேசல்ல டீச்சர். சோறு திங்கல்ல. அதுக்குப் பெறவு எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அன்னைக்கு பிட் எங்க வச்சேன்னு கேட்டீங்க. யாரு எழுதித் தந்தான்னு கேட்டீங்க. ஏன் செய்தேன்னு ஒருத்தரும் கேக்கல்ல."

அஞ்சுகிராமம் பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். ஏறி என்ன, ஊர் வந்து சேர்கிற வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

முதல் மார்க் வாங்குகிற பிள்ளை ஏன் காப்பி அடிக்க வேண்டும்? இதற்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. 1998-ல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு மனோதத்துவப் பெண்மணிகள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்க் கணக்குகள் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தை 'நீ ரொம்பப் புத்திசாலி' என்று பாராட்டினார்கள், இன்னொரு கூட்டத்தை 'நல்லா உழைச்சிருக்கே' என்று. அப்புறம் வேண்டுமென்றே கஷ்டமான கணக்கைக் கொடுத்தார்கள். எல்லாரும் தடுமாறினார்கள். பிறகு, வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றுக்கு இதைப் பற்றி எழுதச் சொல்லி, வாங்கின மார்க்கையும் குறிக்கச் சொன்னார்கள். புத்திசாலி என்று பாராட்டு வாங்கினவர்களில் கிட்டத்தட்ட பத்துக்கு நாலு பேர் மார்க்கைக் கூட்டி எழுதினார்கள்! உழைப்புக்குப் பாராட்டு வாங்கின கூட்டத்தில் அப்படிப் பொய் எழுதியவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குதான். முகம் தெரியாத ஒரு பிள்ளையிடம்கூட 'புத்திசாலி' பட்டத்தை இழக்க முடியவில்லை. பெற்ற அப்பாவிடம் எப்படி இழப்பது?

சீனாவில் மூன்று வயது, ஐந்து வயதுக் குழந்தைகளிடம் சீட்டு ஊகிக்கும் விளையாட்டை வைத்து 2017-ல் வெளியான ஆராய்ச்சியிலும் இதே கதைதான். 'நீ கெட்டிக்காரக் குழந்தை' என்று கேட்ட குழந்தைகள்தான் ஆள் இல்லாத நேரம் சீட்டை அதிகமாக எட்டிப் பார்த்தன.

அப்போ கண்டிக்கவே கூடாதா?

கட்டாயம் கண்டிக்க வேண்டும். 'பாவம், பயந்து போய்ச் செய்துட்டான்' என்று விட்டுவிட்டால் மூன்றாவது பையன் மாதிரி ஆகிவிடுவான். அந்தத் தாளுக்கு மார்க் கிடையாது, திரும்ப எழுது என்பது நியாயமான தண்டனை. பிரேயரில் நிறுத்துவது, சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுச் சொல்வது, 'திருட்டுப் பய' என்று பேர் வைப்பது தண்டனை இல்லை, வடு.

இன்னொன்று. ஒரு தடவை பிட் அடித்தவன் எல்லாவற்றிலும் ஏமாற்றுக்காரன் என்பதும் தப்பு. ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்து 1928-ல் ஒரு புத்தகம் போட்டார்கள். பரீட்சையில் ஏமாற்றிய பிள்ளை காசு விஷயத்தில் நேர்மையாக இருந்தது, விளையாட்டில் ஏமாற்றிய பிள்ளை வகுப்பில் ஒழுங்காக இருந்தது. சந்தர்ப்பத்துக்கும் நெருக்கடிக்கும் தகுந்தபடி அதே பிள்ளை மாறியது.

பிள்ளை பிடிபட்ட சேதி வந்த அன்று சாயங்காலம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் வைத்து ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். (சோறு போடமாட்டேன் என்று சொல்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும்.) அப்புறம் கேளுங்கள்: 'எந்தப் பாடத்துல பயம்? எப்போதிருந்து? நான் என்ன சொல்லுவேன்னு நினைச்சே?' கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்போது நடுவில் பேசாதீர்கள். அது கேட்க நல்லா இருக்காது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பிள்ளை பேச்சைக் குறைத்து, சாப்பாடு தூக்கம் விட்டு, 'நான் இருந்து என்ன பிரயோசனம்' என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாலும் அலட்சியம் வேண்டாம். அன்றைக்குத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமனஸ் எண்ணுக்கோ 104-க்கோ போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல டாக்டரிடம் போனால் ஊர் பேசுமே என்று தயங்குகிறவர்கள், ஊர் வேறு விதமாகப் பேசவும் வாய்ப்பு உண்டு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளைக்கு இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். ஃபெயில் ஆனால் நஷ்டம் சில வாரம்தான். கோடையிலேயே துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் அடுத்த வகுப்பில் சேர்ந்துவிடலாம். ஆனால் பறக்கும் படையிடம் பிட்டோடு சிக்கினால் டீச்சர் மனசு வைத்தும் பிரயோசனம் இல்லை, தேர்வுத் துறை நடவடிக்கை எடுக்கும், அடுத்த தேர்வுகளை எழுத முடியாதபடி தடைகூட வரலாம். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லாதீர்கள், கணக்குப் பார்ப்பதற்காகச் சொல்லுங்கள். 'நீ ஃபெயிலானா இந்த வீட்டுல உனக்கு ஒண்ணும் குறையாது, நாம சேர்ந்து திரும்பப் படிக்கலாம்' என்று அப்பா வாயால் ஒரு தடவை கேட்ட பிள்ளைக்குத் தாயத்து தேவைப்படாது என்பது என் எண்ணம். ஒரு தடவை போதாது. ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் சொல்லுங்கள்.

கேள்வித்தாள் பற்றியும் ஒரு முணுமுணுப்பு எனக்கு உண்டு. புத்தகத்து வரி அப்படியே வந்தால்தான் முழு மார்க் என்று பழக்கிவிட்டோம். மண்டையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால் படிப்பு, பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய் இறக்கினால் குற்றம். இரண்டுக்கும் என்ன டீச்சர் வித்தியாசம் என்று ஒரு பையன் கேட்டால் நான் பதில் சொல்லக் கொஞ்சம் திணறத்தான் செய்வேன். யோசித்து எழுதுகிற மாதிரி கேள்வி வந்தால் பிட்டுக்கு வேலை பாதியாகக் குறையும். ஆனால் அது என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை.

மதிலுக்கு வருகிறேன். இரண்டாவது பையனின் அம்மாவை எனக்குத் தெரியும். மறுவாரமே நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன், போனார்கள். மூன்றாவது பையன் என் பேச்சைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டான். அவனிடம் நான் தோற்றேன் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் பையனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். "பொதுத்தேர்வுல கேள்வித்தாள் வாசிக்க பத்து நிமிஷம் தருவாங்க. அப்போ மூச்சை மெதுவா இழுத்து விட்டுகிட்டே சூத்திரத்தை மனசுல ஓட்டு. எழுத விட்டதும் மொதல் வேலையா, மறக்கறதுக்கு முன்னால, விடைத்தாள்ல ரஃப் ஒர்க் போடுத எடத்துல எல்லாத்தையும் எழுதிப் போடு. இப்போ புத்தகத்த மூடிட்டு எழுதிக் காட்டு."

காற்றில் தாள் படபடத்தது. முழங்காலால் அமுக்கிக்கொண்டு எழுதினான். ஒன்பதில் ஏழு சரியாக இருந்தது.

"ரெண்டுதான் டீச்சர் வரல்ல" என்றான். அவனுக்கே ஆச்சரியம். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாகிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டான்.

"நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லேன்."

"போன்லயா?"

"போன்லதான். மார்க்கு கேப்பாவல்லா, அப்போ சொல்லு. பரீச்சைன்னா பயமா இருக்குன்னு சொல்லு."

அந்தத் துண்டுக் காகிதத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கோட்டையை அடைக்க வாட்ச்மேன் விசில் ஊதிவிட்டார். இறங்கும்போது அவன் அதைக் கிழித்தானா, மறுபடியும் பாக்கெட்டில் வைத்தானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.